முறை வைத்து

பழைய வண்டி என்னிடம் எதையும் கேட்டதில்லை.
பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும்,
பாலத்து இறக்கத்தில் கொஞ்சம்,
ஆடு குறுக்கே ஓடினால் அதிலும் கொஞ்சம்.
சுருக்குப்பைச் சில்லறை மாதிரி
எப்போதும் பாதி நிறைந்திருக்கும் பேட்டரி.
ஆனால் எல்லாமே பெட்ரோல்தான், சுற்றி வளைத்து.
இது எனக்கு உறைக்க ஏழு வருஷமாயிற்று.
அதுவும் கொளப்பாட்டில் ஒரு பசுவுக்குள்
தோள்வரை கைவிட்டு
கன்றின் முன்னங்காலைத் தேடிக்கொண்டிருந்தபோது.
இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

புதியது சுவரைக் கேட்கிறது.
பிளக்-இன் ஹைபிரிட்.
ஒருமுறை நிரப்பினால் நாற்பத்தாறு கிலோமீட்டர்,
அதுவரை பெட்ரோல் தூங்கும் என்றார்கள் திருச்சி ஷோரூமில்.
தலைஞாயிறு, நீர்முளை, சித்தாய்மூர், திரும்ப வீடு:
என் சுற்று நாற்பத்தொன்று.
ஐந்து மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டேன்.
கடைமடையில் உட்கார்ந்துகொண்டு
மிச்சம் என்று சொல்பவளைப் பார்த்து
ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்.

மேட்டூரில் திறந்தது
எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள்
பத்திரிகையில் அது பழைய செய்தி.
கரண்டும் அப்படித்தான். கடைசிக் கம்பம் எங்களுடையது.
இருநூற்று முப்பதாகக் கிளம்புவது
நூற்றெழுபதாக வந்து நிற்கும்.
மின்விசிறி யோசித்து யோசித்துச் சுற்றும்.

முதல் ராத்திரி செருகினேன்.
பச்சை விளக்கு.
பத்தாவது நிமிஷம் தெருவே இருட்டு.
குளத்திலிருந்து நாற்றங்காலுக்கு இறைத்துக்கொண்டிருந்த
வைரக்கண்ணுவின் மோட்டார்
ஒரு விக்கலோடு நின்றது.
டார்ச்சோடு வந்தாள்.
காரைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், என் நைட்டியைப் பார்த்தாள்.
"டாக்டரம்மா, இது எவ்வளவு குடிக்கும்?"
"நாலு மணி நேரத்துக்குப் பத்து யூனிட்."
"குடிச்சிட்டு?"
"நாற்பத்தாறு கிலோமீட்டர் கறக்கும்."
"தேவல" என்றாள், ஈற்று விசாரிக்கிற குரலில்.

காலையில் பியூஸ் போட வந்த லைன்மேன் ஹாஜா மைதீன்
கம்பத்தில் இருந்தபடியே சொன்னார்:
"இந்த டிரான்ஸ்பார்மருக்கு ஆறு மோட்டாரே ஜாஸ்தி.
நீங்க ஏழாவது பம்புசெட்டு மேடம், வயல்தான் இல்ல."

என் மோட்டார் லைனில் கொக்கி போட்டுக்கோ,
இலவசம்தானே என்றாள் வைரக்கண்ணு.
ராத்திரியில் அடுத்தவன் மடையை வெட்டுகிறவனுக்கு
இந்த ஊரில் என்ன பெயர் என்று கேட்டேன்.
சொன்னாள். இங்கே எழுத முடியாது.

பிறகு காலண்டரின் முதுகில் எழுதினோம்:
ஒன்பதிலிருந்து இரண்டு அவளுக்கு,
இரண்டிலிருந்து ஆறு எனக்கு,
வெள்ளி தெற்குத்தெரு மோட்டார்கள்.
வாய்க்காலுக்கு முறை வைக்கத் தெரிந்த ஊருக்கு
வயருக்கு வைப்பதா பெரிய காரியம்.
அலாரம் தேவைப்படவில்லை.
மோட்டார் நிற்கிற சத்தம் என்னை எழுப்பிவிடும்.
வயரைச் செருகிவிட்டு
கொஞ்சம் அங்கேயே நிற்பேன். தவளைகள்.
காரின் உள்ளே எதுவோ மெல்ல நிரம்பும்.

சில நாள் முறை பிசகும்.
கன்று ராத்திரி மூன்றுக்குத்தான் வரும் என்று அடம்பிடிக்கும்.
ஒரு மணி நேரக் கரண்டோடு கிளம்பினால்
அரிச்சந்திரா நதிப் பாலத்தில் மீட்டர் பூஜ்யம்.
அந்த ஆற்றின் மேல் நின்று அது வேறென்ன சொல்லும்.
பெட்ரோல் கனைத்துக்கொண்டு எழும்.
எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும், ஏனென்று தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாற்று மூழ்கியது.
மோட்டார்கள் எல்லாம் சாக்கு போர்த்திக் கிடந்தன.
முறையெல்லாம் எனக்கே, ஆனால் கம்பம் சாய்ந்துவிட்டது.
மூன்று நாள் கரண்டில்லை.
வாசலில் காரை முடுக்கி வைத்தேன்,
பெட்ரோல் பேட்டரியைப் பழையபடி நிரப்பியது.
வைரக்கண்ணு தன் செல்போனைச் செருக வந்தாள்,
பின்னால் தெற்குத்தெரு, ஈரக் குடைகளோடு.
காருக்குள் ஒரே ஒரு துளை.
அவள்தான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து
ஒவ்வொருவருக்கும் கால்மணி என்று அறிவித்தாள்.
பிறகு என்னைப் பார்த்து, கண்டிப்பாக:
"உங்க போன் கடைசி டாக்டரம்மா.
இன்னிக்கு நீங்க தலைமடை."